பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பில், சாலையோரம் பூத்துக் குலுங்கும் டபெபுயா மரங்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் படித்தேன். அந்த இளஞ்சிவப்புப் பூக்களால்தான் வீட்டில் எல்லோருக்கும் தும்மல், கண்ணரிப்பு, ராத்திரியில் மூச்சிரைப்பு என்றும், அவற்றை வெட்டிவிட்டு வேறு மரம் நட வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அவர் குடும்பம் படும் அவஸ்தை உண்மை. அதை நான் ஒருநாளும் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அதுதான் இங்கே நடக்கிறது. அந்த மரங்கள் பிழைக்க வேண்டும். அதைவிட முக்கியம், காரணத்தைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கும் நோயாளிகளுக்குச் சரியான இடம், முக்கியமாகக் காலி சைட்டுகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடி, தெரிய வேண்டும். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் தர்மபுரிப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள். லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறேன். வேலைக்காலம் முழுக்க ஓர் அலர்ஜி கிளினிக்கில் பரிசோதனை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். டாக்டர் அல்ல, மருந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் நோயாளிகளின் கையில் ஊசியால் குத்தி, யாருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அளந்து எழுதுவது என் வேலையாக இருந்தது.

அந்தச் சோதனையைச் செய்துகொள்ளாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்கையின் உட்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பேனாவால் வரிசையாக எண் போடுவோம். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு விடுவோம். ஃபிரிட்ஜில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன பாட்டில்களில் பார்த்தீனியம், அருகம்புல், சவுக்கு, சீமைக் கருவேலம், ஆமணக்கு, முள்ளுக்கீரை, யூகலிப்டஸ், வீட்டுத் தூசியில் வாழும் மைட், கரப்பான்பூச்சி, பூஞ்சை வகைகள் என்று எல்லாவற்றின் சாறும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு சொட்டு. ஒன்று வெறும் உப்புநீர், மற்றது அலர்ஜியின்போது உடம்பே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள். சொட்டின் நடுவில் லான்செட் நுனியை வைத்து, ரத்தம் வராதபடி தோலை லேசாகக் குத்த வேண்டும். அப்புறம் பதினைந்து, இருபது நிமிடம் கையை நீட்டியபடி உட்கார வேண்டும். சொறியக் கூடாது. பெரியவர்களே நெளிவார்கள். குழந்தைகளிடம் எந்த எண் முதலில் வீங்கப்போகிறது பார் என்று பேச்சுக் கொடுத்தே நேரத்தை ஓட்டுவோம். ஆகாத பொருள் பட்ட இடத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு எழும்பும், சுற்றிலும் சிவக்கும். ஸ்கேலை வைத்து அளப்போம். உப்புநீர் பட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் அது பாசிட்டிவ்.

இப்படி எத்தனையோ கைகளைப் பார்த்ததில், திரும்பத் திரும்ப வீங்கிய எண்கள் சில உண்டு. முதலில் வருவது மைட். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் பூச்சி அது. இதை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் மகரந்தத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் மைட்டுக்கு அடுத்து, வெளிக்காற்றில் வருவதில், பார்த்தீனியம்தான் முன்னால் நின்றது. காங்கிரஸ் புல் என்றும் விஷப்பூண்டு என்றும் நம்மவர்கள் சொல்கிறார்களே, கேரட் இலை போன்ற இலையும் பொடிப்பொடியான வெள்ளைப் பூவுமாக ஒவ்வொரு காலி சைட்டிலும் இடுப்பளவு நிற்கும் அந்தச் செடிதான். நான் பார்த்தது ஒரு கிளினிக்கின் கதவு வழியாக வந்தவர்களை மட்டுமே. ஆனால் 1991-லேயே இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். பெங்களூரில் மூக்கு அலர்ஜி நோயாளிகளில் 34 சதவீதம் பேருக்கும், ஆஸ்துமா நோயாளிகளில் 12 சதவீதம் பேருக்கும் பார்த்தீனிய மகரந்தம் தோல் சோதனையில் பாசிட்டிவாக வந்தது.

பூமரங்களின் மேல் ஏன் பழி போகிறது என்பது எனக்குப் புரிகிறது. கண்ணுக்குத் தெரிவது அவைதானே! தும்மல் வரும் காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே மரம் முழுக்கப் பூ. ஆனால் பூ ஏன் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு நிறமாக இருக்கிறது? தேனீயையும் வண்டையும் பறவையையும் கூப்பிடுவதற்காக. அந்த மாதிரிப் பூவின் மகரந்தம் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும். பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு போகும், மீதி மரத்தடியிலேயே விழும். காற்றை நம்பிப் பிழைக்கும் செடிகளுக்கு அழகு தேவையில்லை. புல்லின் கதிரையும், கோரையின் தலையையும், சவுக்கின் நுனியில் பழுப்பாகத் தொங்கும் சிறு குஞ்சத்தையும் நாம் பூ என்று எண்ணுவதே இல்லை. அவற்றின் மகரந்தம் உலர்ந்த, நுண்ணிய தூள். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்கு அளவில் இருக்கும். காற்றில் ஏறி வெகுதூரம் போகும். மூக்கைத் தேடி வருவது இதுதான். டபெபுயா மரத்தடியில் நின்று அதன் பூவை முகர்ந்து பார்ப்பவருக்கு ஏதாவது ஆகலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவரின் மூச்சிரைப்புக்கு அந்த மரம் பொறுப்பாக வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த ஊரில் மாதம் ஒரு மரம் பூப்பது தற்செயல் கிடையாது. 1908-இல் இங்கே வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல், ஒரு மரம் ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி சாலை மரங்களைத் திட்டமிட்டார். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் தலைமையில் ஐந்தாண்டுகளில் 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன. இன்று நமக்குக் கிடைக்கும் நிழலில் பெரும்பகுதி அவர்கள் இருவரும் தந்தது. தும்மலுக்குப் பயந்து அதை வெட்டினால் வெட்டிய இடத்தில் முதலில் முளைக்கப்போவது பார்த்தீனியம்தான். வெறும் மண்ணைக் கண்டால் அது விடாது.

ஆண்டு முழுவதும் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். குளிர்நாடுகளில் இந்த நோய்க்கு ஒரு பருவம் உண்டு. வசந்தத்தில் தொடங்கும், பனி விழுந்தால் நிற்கும். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், கடும் குளிரும் இல்லாமல் கடும் வெயிலும் இல்லாமல், தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் வாங்கிக்கொண்டு இருக்கிறது. செடிகளுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? அதனால் இங்கே ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது.

பொங்கல் சமயத்தில் பனிமூட்டமும் வண்டிப் புகையும் கீழேயே தங்கிவிடும். காலையில் நடக்கப் போகிறவர்கள் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறார்கள். சவுக்கு இருக்கும் பகுதிகளில் அதன் தூளும் சேர்ந்துகொள்ளும். மாசி, பங்குனியில் ஆயா மரம் இலை உதிர்த்துவிட்டுப் பூக்கும். இலை இல்லாத கிளையில் பச்சையும் பழுப்புமாகக் கொத்துக் கொத்தாக இருக்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை. வட இந்தியாவில் மகரந்த அலர்ஜி என்றாலே டாக்டர்கள் முதலில் சொல்லும் மரங்களில் அதுவும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் இடி மின்னலோடு மாங்காய் மழை வரும். மழை வந்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று நினைப்போம். நின்று பெய்யும் மழைக்கு அது சரி. ஆனால் இடிமழைக்கு முன்னால் சுழன்றடிக்கும் காற்று வேறு கதை. ஈரத்தில் புல் மகரந்தம் வெடித்து இன்னும் நுண்ணிய துகளாகி, மூக்கில் நிற்காமல் நேரே நெஞ்சுக்குள் இறங்கும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2016 நவம்பர் 21 அன்று ஓர் இடிமழை மாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்துபோனார்கள்.

ஜூன் வந்துவிட்டால் பார்த்தீனியத்தின் ராஜ்யம். ஆகஸ்ட், செப்டம்பரில் அதன் மகரந்தம் உச்சத்தில் இருக்கும்போதே புற்களும் கதிர்விடத் தொடங்கும். வற்றிய ஏரிக்கரைகள், ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்களின் ஓரங்கள், ரயில் பாதையின் இரு பக்கம், வேலை நின்றுபோன கட்டடங்களின் முன்புறம் எல்லாம் புல்லும் கோரையும் முள்ளுக்கீரையும்தான். தீபாவளி நேரத்தில் புல், பட்டாசுப் புகை, மழையில் ஊறிய சுவரின் பூஞ்சை மூன்றும் கைகோத்துக்கொள்ளும். எங்கள் கிளினிக்கில் வரிசை வாசல் தாண்டி நின்ற நாட்கள் அவை. ஆமணக்கும் தென்னையும் காலம் பார்க்காமல் பூத்துக்கொண்டே இருக்கும். பார்த்தீனியம்கூட தண்ணீர் கசியும் சாக்கடை ஓரத்தில் டிசம்பரிலும் பூவோடு நிற்கும்.

வேலைக்காக மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த பிள்ளைகள் சொல்வது ஒரே வாசகமாக இருக்கும். “எங்க ஊர்ல இருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணுமே இல்ல சிஸ்டர். இங்க வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ஆரம்பிச்சுது.” அது பொய்யில்லை. உடம்பு ஒரு பொருளைப் பகையாகப் பழகுவதற்குக் காலம் எடுக்கிறது. முதல் பருவத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் சத்தமில்லாமல் உருவாகும். அடுத்தடுத்த பருவத்தில் அதே மகரந்தம் வரும்போது உடம்பு ஹிஸ்டமினைக் கொட்டும். மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், அண்ணம் அரிக்கும். லீவு போட்டு ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று சிலர் போவார்கள். ஆனால் எங்கள் தர்மபுரிப் பக்கமும் கோலார் பக்கமும் ராமநாதபுரத்திலும் ஏரிக்குள்ளேயே சீமைக் கருவேலம் மண்டிக்கிடக்கிறதே! அதுவும் ஆகாதவர்களுக்கு ஊர் மாற்றம் பெரிதாக உதவுவதில்லை.

இதையெல்லாம் ‘சைனஸ்’ என்றும் ‘டஸ்ட் அலர்ஜி’ என்றும், கொஞ்சம் பழைய ஆட்கள் ‘ஈஸ்னோபீலியா’ என்றும் சொல்லிக்கொண்டு, மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறோம். செட்ரிசின் போட்டுத் தூங்கி எழுந்தால் அன்றைக்குச் சரியாகத்தான் இருக்கும். என் வருத்தம் வேறு. கடைக்காரர் கொடுக்கும் கலவையில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருப்பதை நோயாளிகள் கொண்டுவந்த கவர்களில் நானே பார்த்திருக்கிறேன். மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அதை மாதக்கணக்கில் விட்டவர்கள் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுக்கும் மூக்கு ஸ்ப்ரேயையோ இரண்டு நாள் அடித்துவிட்டு “ஒண்ணும் கேக்கல” என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது முழுதாக வேலை செய்ய வாரக்கணக்கில் விடாமல் அடிக்க வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத் தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். இதை யாராவது ஒருமுறை செய்து காட்டினால் போதும். இன்ஹேலர் என்றால் பயப்படும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை: மூச்சுக்குழாய்க்கு நேரே போகும் அந்தச் சிறு அளவு மருந்து, வயிற்றுக்குப் போகும் மாத்திரையைவிட உடம்புக்கு எவ்வளவோ இதம்.

குழந்தைகள் விஷயத்தில்தான் நெஞ்சு பதறுகிறது. குழந்தைகள் நல மருத்துவர் எச். பரமேஷ் பெங்களூரில் தம் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடம் வருடக்கணக்காக எடுத்த கணக்கில், ஆஸ்துமா 1979-இல் 9 சதவீதமாக இருந்தது 1999-இல் 29.5 சதவீதமாக ஏறியிருந்தது. அதற்கு மகரந்தம் ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வண்டிப் புகைக்கும் நெரிசலுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் புகையும் மகரந்தமும் ஒன்றையொன்று மோசமாக்குகின்றன. புகையைக் குறைக்க ஊரே மாற வேண்டும். பார்த்தீனியத்தைக் குறைக்க மண்வெட்டியும் கையுறையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. இந்தியாவில் 1955-இல் புனேயில் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. அங்கிருந்து கர்நாடகம், தமிழ்நாடு என்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. முளைத்த ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை போடும். மகரந்தமோ கோடிக்கணக்கில். ஆடு மாடு சாதாரணமாகத் தொடாது. பக்கத்தில் வேறு செடியையும் வளர விடாது.

இதை ஒழிக்க இந்த ஊரிலேயே நல்ல முயற்சி நடந்தது. மெக்சிகோவிலிருந்து, இந்தச் செடியின் இலையைத் தின்னும் வண்டு ஒன்றை இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் வரவழைத்து, சோதித்து, 1984-இல் பெங்களூரில் திறந்துவிட்டார்கள். வெளிர்நிற முதுகில் கருங்கோடுகள் ஓடும் சிறு வண்டு. நடுவில் சூரியகாந்தியையும் தின்கிறது என்று புகார் எழுந்து, விசாரணையெல்லாம் நடந்து, பயிருக்கு ஆபத்தில்லை என்று தெளிந்தது. மழைக்காலத்தில் ஹெண்ணூர், ஹொரமாவு பக்கம் செடியைக் கூர்ந்து பார்த்தால் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம், இலை சல்லடையாக இருக்கும். ஆனால் குளிரிலும் கோடையிலும் வண்டு மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். செடி உறங்குவதில்லை. எனவே வண்டு மட்டும் போதாது, மனிதரும் கை வைக்க வேண்டும்.

அந்தக் கை யாருடைய கை என்று கேட்க வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தோட்டவேலை பார்த்த பெரியவர் ஒருவர் தும்மலுக்காக எங்களிடம் வந்தார். கையை நீட்டச் சொன்னேன். விரல் இடுக்கு, முழங்கை மடிப்பு, கழுத்துச் சுற்று எல்லாம் கறுத்துத் தடித்து, வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. கண் இமை வீங்கி, தோல் மடிப்பு மடிப்பாக இருந்தது. சட்டை மறைத்த மார்பும் முதுகும் மட்டும் சுத்தமாக இருந்தன. ஊசி குத்த நல்ல தோலே இல்லை. பார்த்தீனியத்தில் உள்ள பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலை அது. தொட்டால்தான் வரும் என்பதில்லை, காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்து பட்டாலே வரும். தோல் டாக்டரிடம் அனுப்பினோம். கிளம்பும்போது, “இந்த வேலைய விட்டுட்டுச் சோத்துக்கு என்னம்மா பண்ணுவேன்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றும் காலி சைட்டுகளைச் சுத்தம் செய்ய வரும் பௌரகார்மிகர்கள் என்ற துப்புரவுப் பணியாளர்களும் தோட்டக்காரர்களும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் பிடுங்குகிறார்கள். முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, முகக்கவசம், வேலை முடிந்ததும் கைகால் கழுவத் தண்ணீரும் சோப்பும் என்று இவ்வளவையும் கொடுக்காமல் யாரையும் அந்தச் செடியில் இறக்கக் கூடாது. ஏற்கெனவே தோல் நோயோ ஆஸ்துமாவோ உள்ளவரை அனுப்பவே கூடாது.

செய்யும் முறையிலும் பிழை இருக்கிறது. எங்கள் பகுதியில் செடி ஆள் உயரம் வளர்ந்து, வெள்ளைவெளேரென்று பூத்து, தெருவே தும்மிய பிறகுதான் மெஷினோடு வருகிறார்கள். பூத்த செடியை மெஷினால் வெட்டினால் மகரந்தமும் தூளும் ஊரெல்லாம் பறக்கும். விதை கீழே கொட்டும். அடித்தண்டு மறுபடி துளிர்க்கும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூ வருவதற்கு முன்னால், வேரோடு பிடுங்க வேண்டும். அப்போது சின்னப் பிள்ளைகூட இழுத்தால் வந்துவிடும், ஆனால் பிள்ளைகளை இழுக்கச் சொல்லாதீர்கள். பூக்காத செடியை உரக்குழியில் போட்டு மக்க வைக்கலாம். பூத்துவிட்ட செடியை அசைக்காமல் பையில் கட்டி அகற்ற வேண்டும், கொளுத்தக் கூடாது. பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் தகரை, துளசி, சாமந்தி என்று எதையாவது விதைத்துவிட வேண்டும். விதை மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும் என்பதால் ஒரு வருடத்தில் முடிகிற வேலை இல்லை இது.

புதிதாகக் கட்டும் அடுக்குமாடிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். சுவரோரம் சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று கோனோகார்ப்பஸ் என்ற மரத்தை நடுகிறார்கள். குஜராத் அரசு 2023-இல் அதைத் தடை செய்தது. தமிழ்நாடு அரசும் 2025-இல் தடை செய்தது. காரணங்களில் சுவாச அலர்ஜியும் ஒன்று. பக்கத்து மாநிலம் வேண்டாம் என்று ஒதுக்கியதை நாம் ஏன் வரிசையாக நட வேண்டும்? புங்கையும் மகிழமும் நட்டால் ஆகாதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். காற்றில் புகை எவ்வளவு என்று தினமும் போர்டு போட்டுக் காட்டுகிறார்கள். மகரந்தம் எவ்வளவு என்று யாரும் காட்டுவதில்லை. இந்த வேலை நம் ஊருக்குப் புதிதல்ல. 1980-களிலேயே பெங்களூர் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் அகாஷேயும் அவர் மாணவர்களும் இந்த நகரத்துக் காற்றில் எந்த மாதம் எந்த மகரந்தம் என்று எண்ணிப் பதிவு செய்தார்கள். எண்ணுவதற்கான கருவியும் எளிமையானது. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை, கிட்டத்தட்ட நாம் மூச்சு இழுக்கும் அளவில், ஒரு சிறு துளை வழியாக உறிஞ்சும். உள்ளே பசை தடவிய நாடா சுற்றிய உருளை மணிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். வாரத்துக்கு ஒருமுறை நாடாவை எடுத்து, நாள்வாரியாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். பொறுமையும் பழகிய கண்ணும் உள்ள இரண்டு பேர் போதும். சண்டிகரில் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இப்படி எண்ணி, 2022-இல் அந்த நகரத்துக்கான மகரந்த நாள்காட்டியை வெளியிட்டார்கள். தாவரவியல் துறைகளும் மருத்துவக் கல்லூரிகளும் இத்தனை இருக்கும் பெங்களூருக்கு இது முடியாத காரியமா? அகாஷே எண்ணிய காலத்து ஊர் இப்போது இல்லை. அன்றைய தோப்புகள் லேஅவுட்டாகிவிட்டன, லேஅவுட்டுகளில் விற்காத சைட்டுகள் பூண்டுக்காடாகிவிட்டன. புதுக் கணக்கு அவசியம்.

நாள்காட்டி இருந்தால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். நிறைய உண்டு. தனக்கு ஆகாதது புல் என்று தெரிந்தவர், புல் கதிர்விடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து ஸ்ப்ரேயைத் தொடங்கிவிடலாம். மூச்சிரைத்து நள்ளிரவில் ஆட்டோ தேடி ஓட வேண்டாம். அந்த வாரங்களில் காலையில் ஜன்னலைச் சாத்திவைக்கலாம், துணியை மொட்டை மாடியில் காயப்போடாமல் வீட்டுக்குள் காயப்போடலாம், வெளியே போய்வந்ததும் முகமும் கண்ணும் கழுவித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். மூன்று முதல் ஐந்து வருடம் எடுத்துக்கொள்ளும் அலர்ஜி தடுப்பூசி சிகிச்சைக்கும், எது காரணம் என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் அர்த்தம்.

கடைசியாக ஒரு தேதி விவகாரம். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகத்தின் முன்னெடுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. நல்ல முயற்சி. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் செடியைப் பிடுங்குகிறார்கள். ஆனால் பெங்களூரிலும், இதே மேட்டில் இருக்கும் ஓசூரிலும், கோடை மழை ஏப்ரல், மே மாதங்களிலேயே வந்துவிடுகிறது. அப்போது முளைத்த செடி ஆகஸ்டில் பூத்து, விதையும் போட்டுவிட்டிருக்கும். நமக்குப் பிடுங்க வேண்டிய காலம் மே கடைசியிலிருந்து ஜூன் இரண்டாவது வாரத்துக்குள். பிறகு செப்டம்பரில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை. காலி சைட்டின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தாலும், ஜூன் மாதத்துக்குள் சுத்தம் செய்யாவிட்டால் நகர நிர்வாகமே ஆள் வைத்துச் செய்து, செலவை வரியோடு சேர்த்து வாங்க வேண்டும். டபெபுயாவை வெட்டச் சொன்ன வாசகரும் தம் தெருவில் அந்த நேரத்தில் இதற்காகக் குரல் கொடுத்தால் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்மையாகவே நிவாரணம் கிடைக்கும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாள்தோறும் வானிலையும் அணை நீர்மட்டமும் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் வாரம் ஒருமுறை, இந்த வாரம் நம் பகுதியில் எது பூக்கிறது, எந்தச் செடியைப் பிடுங்க வேண்டும், யார் கவனமாக இருக்க வேண்டும் என்று நான்கு வரி போடுங்கள். எழுதித்தர உள்ளூர்க் கல்லூரிகளின் தாவரவியல் ஆசிரியர்களைக் கேட்கலாம். அதுவரை, எனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்ப நானும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலர்ஜி பரிசோதனை உதவியாளர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.